உங்களுக்குத் தெரியுமா? – பசைக்கு மசியாத கறுப்புக் குழாய்

பழவேற்காட்டுக் குப்பத்து வீடுகளில் பழைய கறுப்புக் குழாயோடு புதிய சிபிவிசி குழாயை இணைக்கப்போகிறீர்களா? கறுப்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் பிவிசி. மிதந்தால் பாலிஎத்திலீன், அங்கேதான் சிக்கல். 'சொல்யூஷன்' என்று கடையில் வாங்கும் பசை, பிவிசியின் மேற்பரப்பைக் கரைத்துத்தான் ஒட்டவைக்கிறது. பாலிஎத்திலீன் அதற்குக் கரையாது. எத்தனை டப்பா பூசினாலும் கழன்றுவிடும். சூடுகாட்டிச் செருகி, கம்பி கட்டுவது நம்மூர் வைத்தியம். ஏரிக்கரை உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்ததும் கசியத் தொடங்கும்.

கறுப்புக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கம்ப்ரஷன் கப்ளர்தான் சரி. அதன் மறுமுனை மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, சிபிவிசி அடாப்டரைத் திருகலாம். கடைக்காரர் இரண்டையுமே 'அரை இஞ்ச்' என்பார், நம்பிவிடாதீர்கள்: கறுப்புக் குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ., சிபிவிசிக்கு 15.9 மி.மீ.தான்.