அம்மாவையும் ஒரு படம் எடுங்களேன்!

2019-ல் என் அம்மா காலமானபோது, பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமென்று வீடெல்லாம் தேடினோம். பீரோவின் அடித்தட்டு, பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டி, எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. அண்ணன் கல்யாணம், தம்பிக்குக் காது குத்து, என் வளைகாப்பு என்று விசேஷத்துக்கு ஒரு கட்டுப் படம் இருக்கிறது. அம்மா மட்டும் எல்லாவற்றிலும் பின்வரிசையில், பாதி முகமாக! கடைசியில் ஒரு கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, அவள் ஒரு நாளும் கட்டாத நீலப் பட்டுப்புடவையைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுத்தார்கள். அம்மா முகம்தான், ஆனால் எங்கள் அடுப்படியில் நான் பார்த்த முகமில்லை.

அதே பெட்டியில் என் ஒரு வயசுப் படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. மொட்டைத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைப் பிடித்திருக்கிறது. கட்டை விரலில் அரிவாள்மனை வெட்டிய வடு. ஆமாம், அம்மாவேதான். நான் விழாமல் பிடித்துக்கொண்டு, படத்தில் தெரியாமல் குனிந்து ஒளிந்திருக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அன்று நான் வாய்விட்டு அழுதேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படம் பதியப் பல வினாடிகள் பிடிக்குமாம். பிள்ளை அதுவரை அசையக் கூடாதே! அதனால் தாயை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு துணியைப் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்களாம். பார்த்தால் உறை போட்ட சோபா மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு அம்மா!

எங்கள் புதுச்சேரியில், செயின்ட் லூயி வீதியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1880-லிருந்து 1980 வரை நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தார்கள். நாம் பழைய பேப்பர்காரரிடம் போடும் படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளைத் தெரியுமோ? 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய தாயைப் பெற்ற பாட்டி பிறந்தது நம்ம புதுச்சேரியில்! ஆறு பிள்ளை பெற்று வளர்த்த குடும்பத் தலைவி. இங்கிலாந்தில் இருந்தபோது, 1863-ல், 48-வது வயசில் மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். கரி போடும் அறையை இருட்டறையாக்கி, கோழி வீட்டை ஸ்டூடியோவாக்கி, வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் உட்கார வைத்துத் தாயும் சேயுமாகப் படம் எடுத்தார். படம் மங்கலாக இருக்கிறதென்று அந்தக் காலத்துப் பெரிய மனுஷர்கள் கேலி செய்தார்கள். இன்று அவை உலகப் புகழ் பெற்றவை. 1875-ல் இலங்கைக்கு வந்து, 1879-ல் அங்கேயே காலமானார்.

எனக்கும் இப்போது 48. கோழி வீடு இல்லை. என் மகள் கொடுத்த பழைய செல்போன்தான் இருக்கிறது. போன வருஷம் அவள் பிரசவத்துக்கு ரெட்டியார்பாளையம் வந்தபோது ஆரம்பித்தேன். "போம்மா, தலை கூட வாரலை, நைட்டியில இருக்கேன்"னு முதலில் விரட்டினாள். நானும் விடவில்லை. குழந்தை பால் குடித்துவிட்டு அவள் முகத்தையே பார்க்கும் பாருங்கள், அந்த நேரம்தான் எனக்கு வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவதே ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான். மடியில் கிடந்தால் அம்மா முகம் சரியாக அந்தத் தூரத்தில் இருக்கிறது.

செய்து பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். கேமரா கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். நம் கை எண்ணெய்க் கைதானே, பாதிப் படம் அதனாலேயே மங்கிப் போகிறது. காலையில் ஜன்னலோரம் அல்லது வாசல் நிலைப்படிக்கு உள்ளே உட்கார வைத்தால் வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். பிளாஷ் வேண்டாம், தூங்கும் பிள்ளை திடுக்கிடும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பிள்ளையின் உச்சந்தலைதான் வரும். தரையில் உட்காருங்கள், முட்டி வலித்தாலும் சரி. "இங்க பாரு, சிரி" என்று கூப்பிடவே கூடாது. சோறு ஊட்டுவது, பேன் பார்ப்பது, உடுப்பு மாட்ட ஓடித் துரத்துவது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் குழம்பைக் கிளறுவது, இதெல்லாம் தானாக நடக்கும்போது எடுங்கள். அடுப்பருகே மட்டும் ஜாக்கிரதை, படத்துக்காக யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

எதிர்த்த சொல்தா வீட்டு ஆயா, "படம் எடுத்தா பிள்ளைக்குக் கண்ணுபடும்டி" என்றார். கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டு எடுத்தேன். அடுத்த வாரம் அவரே, "பிரான்சுல இருக்கிற என் பேத்திக்கு அனுப்பணும், என்னையும் ஒண்ணு எடேன்" என்று வந்து நின்றார்! ஆனால் உடுப்பில்லாத குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. யார் யார் கண்ணிலோ படும், யாரோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். அது வீட்டு ஆல்பத்தோடு இருக்கட்டும்.

ஆல்பம் என்றதும் ஒன்று. போனில் இருப்பது போன் கெட்டால் போச்சு. மாதம் பத்துப் படமாவது 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போடுங்கள். பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். பிசின் தடவிய ஒட்டும் ஆல்பம் வேண்டாம், நாளடைவில் படம் பழுத்துப் பிய்க்க வராமல் போகும். உறையில் செருகும் ஆல்பம் நல்லது. கடற்கரை ஊர் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நான் பீரோவின் மேல்தட்டில்தான் வைக்கிறேன்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை, படித்துக் காட்டுங்கள். எங்க வீட்டுக்காரர் பேத்தியை நூறு படம் எடுத்தார். ஒன்றிலாவது என் மகள் இருக்க வேண்டுமே! "பக்கத்துல இருக்கறவளையும் சேர்த்து எடுங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போன மாதம் என் போனில் நான் எடுக்காத படம் ஒன்று இருந்தது. முற்றத்தில் காலை நீட்டி, பேத்தியைக் காலில் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் தேய்க்கிறேன். புடவை முழங்கால் வரை, கொண்டை அவிழ்ந்து, வாய் திறந்து ஏதோ தாலாட்டு. "ஐயையோ, அழிச்சுடுடீ" என்றேன்.

"பிரிண்டுக்குக் கொடுத்தாச்சும்மா" என்றாள்.

மறுநாள் வந்தது. பின்பக்கம் பென்சிலால் அவள் கையெழுத்தில் தேதி, அதற்குக் கீழே "ஆயாவும் பாப்பாவும், காலை எட்டு மணி, முற்றம்."