கட்டற்ற மென்பொருள்: நிர்வாகத்துக்குப் புரியும் கணக்கு

சேலம் சூரமங்கலத்தை அடுத்த ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. அதே எல்காட், 2007-ஆம் ஆண்டு வாக்கில் அரசு நிறுவனங்கள் அரிதாகவே துணியும் ஒரு காரியத்தைச் செய்தது. அப்போதைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளைக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றினார்.

அங்கே மாற்றத்தை விரும்பியவர் நிர்வாகத் தலைவர். பெரும்பாலான கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆலைகளிலும் நிலைமை இதற்கு நேர்மாறு. கணினிப் பிரிவு ஊழியர் லினக்ஸ் வேண்டும் என்கிறார், நிர்வாகம் தயங்குகிறது. இத்தனைக்கும் சர்வர் விஷயத்தில் மாற்றம் எளிது. மேசைக் கணினியை மாற்றினால் ஒவ்வோர் ஊழியரும் புதிதாகப் பழக வேண்டும். பின்னறையில் இயங்கும் சர்வரை மாற்றினால் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. எனவே, தொழில்நுட்பத் தகுதி பற்றிய விவாதம் முடிந்துவிட்டது. எஞ்சி நிற்பது பொருளாதாரக் கேள்வி.

நிர்வாகத்தின் முதல் ஐயம், 'இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா' என்பது. கட்டற்ற மென்பொருளின் சாரம் விலையில் இல்லை, உரிமையில் இருக்கிறது. மூல நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ரெட் ஹாட், சூசே போன்ற நிறுவனங்கள் இந்த மென்பொருளுக்கான பராமரிப்புச் சேவையை விற்றே தொழில் நடத்துகின்றன. 'பழுது ஏற்பட்டால் யார் பொறுப்பு' என்ற இரண்டாவது ஐயத்துக்கும் இதுவே விடை. பொறுப்பை விலை கொடுத்து வாங்கலாம். அதை யாரிடம் வாங்குவது என்பது நம் விருப்பம்.

மூன்றாவது ஐயம் செலவு பற்றியது. இங்கே நேர்மை தேவை. லினக்ஸுக்கு மாறினால் செலவே இராது என்று சொல்பவர் நிர்வாகத்தின் நம்பிக்கையை இழப்பார். விண்டோஸ் சர்வருக்குச் செயலியின் உள்ளகங்களின் எண்ணிக்கைப்படி உரிமக் கட்டணம் உண்டு. அதனை அணுகும் பயனர் அல்லது கருவி ஒவ்வொன்றுக்கும் தனி உரிமமும் வேண்டும். லினக்ஸில் இவை மிச்சமாகும். ஆனால், அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்த பணியாளருக்கும் பயிற்சிக்கும் செலவிட்டாக வேண்டும். உரிமக் கட்டணம் ஊரைவிட்டுப் போகிற பணம். உள்ளூர் இளைஞருக்குத் தரும் ஊதியமோ இங்கேயே புழங்கும்.

இந்தக் கணக்கில் பலரும் மறந்துவிடும் இனம் ஒன்று உண்டு. அது வெளியேறும் செலவு. ஒரே நிறுவனத்தின் மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் தரவுகளும் பழக்கங்களும் அதிலேயே பிணைந்துவிடும். பிறகு விலை ஏறினாலும் விலக முடியாது. விண்டோஸ் சர்வர் 2012 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தபோது, அதையே நம்பியிருந்தவர்கள் புதிய பதிப்பை வாங்கவோ, நீட்டிப்புக்குக் கட்டணம் செலுத்தவோ, வேறு தளத்துக்கு மாறவோ நேர்ந்தது.

கட்டற்ற உலகிலும் அதிர்ச்சிகள் உண்டு. பலரும் நம்பிய சென்ட்ஓஎஸ் 8, முன்பு சொன்ன காலத்துக்கு வெகு முன்பே, 2021 இறுதியில் முடிவுக்கு வரும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால், மூல நிரல் பொதுவில் இருந்ததால் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற மாற்றுகள் 2021-லேயே வந்துவிட்டன. ஒரு கதவு மூடினால் இன்னொன்றைத் திறக்கும் வாய்ப்புதான் கட்டற்ற மென்பொருளின் உண்மையான மதிப்பு.

'உரிமத்துக்கு ஏற்கெனவே இவ்வளவு செலவழித்துவிட்டோமே' என்ற வாதமும் எழும். மீட்க முடியாத செலவு, வருங்கால முடிவை ஆளக் கூடாது என்பது பொருளியலின் பாலபாடம்.

எனவே, நிர்வாகத்தை இசையவைக்க விரும்புவோர் கொள்கை முழக்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு ஒரே பக்கத்தில் ஐந்தாண்டுக் கணக்கை எழுதித் தர வேண்டும். உரிமம், வன்பொருள், பராமரிப்பு, ஊதியம், பயிற்சி, வெளியேறும் செலவு ஆகிய ஆறு இனங்களும் இரு தளங்களுக்கும் அருகருகே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கேட்க வேண்டாம். இணையதளம், கோப்புச் சேமிப்பு, காப்புப் பிரதி ஆகியவற்றில் தொடங்கலாம். பழைய சர்வரைச் சில மாதங்கள் இணையாக ஓடவிடலாம். விண்டோஸ் இன்றி இயங்காத கணக்கியல் மென்பொருள் இருந்தால் அது அங்கேயே தொடரட்டும். நிர்வாகத்தை ஓராண்டுத் தடையற்ற இயக்கம் நம்பவைக்கும் அளவுக்கு எந்தச் சொற்பொழிவும் நம்பவைக்காது.

அரசுத் துறைகளுக்குக் கூடுதல் துணையும் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அதைத் தவிர்ப்பவர்கள் உரிய காரணம் காட்ட வேண்டும் என்கிறது அது.

எல்காட்டில் ஓர் அதிகாரியின் துணிவு மாற்றத்தைத் தொடங்கிவைத்தது. ஆனால், அதிகாரிகள் மாறுவார்கள். எழுதிவைத்த கணக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இருந்தால்தான் மாற்றம் நிலைக்கும். மாணவர் கட்டணத்திலும் வரிப்பணத்திலும் நடக்கும் நிறுவனங்கள், அடுத்த உரிமப் புதுப்பிப்புக்குக் கையெழுத்திடும் முன் அந்த ஒரு பக்கக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கக் கடமைப்பட்டவை.