காகம் தொட வேண்டும்

புனேயில் முத்தா ஆற்றங்கரையில் பேஷ்வா காலத்து ஓங்காரேஷ்வர் கோயில் இருக்கிறது. இறந்தவர்களுக்குப் பத்தாம் நாள் காரியம் அங்கே நடக்கும். பிண்டத்தை வைத்துவிட்டுச் சொந்தக்காரர்கள் நாலடி தள்ளி நின்று மரக்கிளைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காகம் வந்து தொட்டால் போனவருக்கு மனக்குறை இல்லை என்று அர்த்தம். மராத்தியில் ‘காவ்ளா ஷிவ்ணே’ என்பார்கள். வரவில்லையென்றால்தான் பேச்சு தொடங்கும். “அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்”, “தங்கை கல்யாணம் என் பொறுப்பு” என்று யாராவது கைகூப்பிச் சொல்வார். அதற்கும் மசியாவிட்டால் தர்ப்பையில் காகம் செய்து தொட வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருப்பதுதானே நம் சாஸ்திரம்!

பிண்டத்தருகே வரும் காகத்தைக் கவனியுங்கள். நேரே வராது. பக்கவாட்டில் தத்தும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அளக்கும், கொத்தப்போய்ச் சட்டென்று பின்வாங்கும். புதுப் பொருள் எதையும் சந்தேகிப்பது அதன் பிறவிக் குணம். பத்துப் பேர் வெறித்துப் பார்த்தால் இன்னும் தாமதம். போதாததற்கு, பாத்ரபத மாதத்துப் பித்ரு பட்சத்தில் ஊரே சோறு வைக்கிறது. நம் மகாளய அமாவாசையோடு முடியும் அதே பதினைந்து நாள்தான். வயிறு நிறைந்த காகத்துக்கு என்ன அவசரம்?

வருகிற காகத்தின் கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது ஊர்க்காகம். முழுக்கறுப்பும் தடித்த அலகுமாக இருந்தால் அண்டங்காக்கை, மராத்தியில் டோம்காவ்ளா. பம்பாய் அரசுக்காகத் தக்காணம் முழுக்கச் சுற்றிப் புள்ளிவிவரம் திரட்டிய கர்னல் சைக்ஸ், 1832-இல் அந்த அண்டங்காக்கைக்கு அறிவியல் பெயர் வைத்தார்.

இறந்தவர் சார்பில் வந்துபோகும் இந்த வேலை மெக்சிகோவில் பட்டாம்பூச்சிக்கு. கனடா, அமெரிக்காவிலிருந்து மோனார்க் பட்டாம்பூச்சிகள் மிச்சோவகான் மலைக்காடுகளுக்கு வந்துசேரும் சமயத்தில், நவம்பர் 1, 2 தேதிகளில், இறந்தோர் நாள் வருகிறது. வீட்டுக்குத் திரும்பும் உயிர்கள் அவை என்று அங்குள்ள பழங்குடியினர் சொல்கிறார்கள். துலுக்கச் சாமந்தியைப் பரப்பி வழி காட்டுவார்கள். நாம் மாலை கட்டுகிற அந்தப் பூவும் மெக்சிகோ மண்ணிலிருந்து வந்ததுதான்.

காகத்துக்கும் சாவு தெரியும். ஒன்று செத்துக் கிடந்தால் மற்றவை கூடிக் கத்துவதை நம் தெருவிலேயே பார்த்திருப்போம். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் கெய்லி ஸ்விஃப்ட்டும் ஜான் மார்ஸ்லஃபும் அங்குள்ள காகங்களை வைத்து இதை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். முகமூடி அணிந்த ஒருவர் செத்த காகத்தை ஏந்தி நின்றார். கூடிக் கத்திய காகங்கள், அந்த இடத்தில் வைத்த தீனியை எடுக்க அடுத்த சில நாள்களும் தயங்கின.