கிராங்கைக் காக்கும் டேம்பர்: லாரி எஞ்சினின் அதிர்வை இனங்காணுதல்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலுள்ள கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாக, 900 மீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள பெங்களூருக்கு முழுப் பாரத்துடன் ஏறிவரும் லாரியின் எஞ்சின் வழிநெடுகக் கடுமையாக உழைக்க வேண்டியிருப்பதால், சமவெளியில் புலப்படாத கோளாறுகளும் இந்த ஏற்றத்தில் எளிதில் வெளிப்பட்டுவிடும். அவற்றுள் ஒன்றான எஞ்சின் அதிர்வுக்குக் காரணமாகக்கூடிய உறுப்புகளில், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது கிராங்க் தண்டின் முன்முனையில் பொருத்தப்பட்டிருக்கும் டேம்பர் எனும் அதிர்வடக்கி ஆகும்.

ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு டீசல் எஞ்சினில், கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டர்களில் எரிபொருள் பற்றுவதால், நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் அத்தண்டின் மீது நொடிக்கு 75 அடிகள் விழுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் எஃகுத் தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளத் தள்ள அதன் வீச்சு பெருகுவதைப் போல, இந்த அடிகளின் கதியோ அதன் மடங்கோ தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகும்போது முறுக்கம் பெருகுகிறது. இதுவே ஒத்ததிர்வு எனப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் நீண்ட கிராங்குகள் இவ்வாறு முறிந்ததை அடுத்தே, இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் போன்றோர் அதிர்வடக்கிகளை உருவாக்கினர்.

டேம்பரில் இரு வகைகள் பரவலாக உள்ளன. ஒன்றில், நடுக்குடத்துக்கும் கனமான வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். மற்றொன்றில், மூடிய உறைக்குள் கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் வளையம் சுழலும். இரண்டுமே முறுக்கத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கழிப்பதால், வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் வெடிப்பதும் திரவம் தன்மை கெடுவதும் தவிர்க்க இயலாதவை.

அதிர்வின் மூலத்தை அறிய, அது எப்போது தோன்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது தோன்றாமல் ஓடும்போது மட்டும் தோன்றினால், புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸையோ சக்கரங்களையோ ஐயுறலாம். ஐடிலில் குலுங்கிப் புகை தள்ளி, இழுவையும் குறைந்தால் இன்ஜெக்டரையும், ஐடிலில் கேபின் மட்டும் நடுங்கினால் மவுண்டிங் ரப்பரையும் சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட சுற்று வேகத்தில் மட்டும் தோன்றி, அதைக் கடந்ததும் அடங்கும் அதிர்வு டேம்பரைச் சுட்டும். ஆனால் முறுக்க அதிர்வு ஓட்டுநரால் உணரப்படாமலும் போகலாம் என்பதால், கண்ணால் பார்த்துச் சோதிப்பது இன்றியமையாதது.

ரப்பர் டேம்பரின் குடத்திலும் வளையத்திலும் நேருக்கு நேராகக் கோடிட்டிருப்பின், அக்கோடுகள் விலகியிருப்பது வளையம் வழுக்கிவிட்டதைக் காட்டும். ஏறத்தாழ 1.6 மி.மீ.க்கு மேல் விலகினால் மாற்றும்படி கம்மின்ஸ் எஞ்சின் கையேடுகள் கூறுகின்றன. திரவ டேம்பரில் கசிவோ, உறையில் நசுங்கலோ தெரிந்தால் அதைப் பழுதுபார்க்க முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது எஞ்சின் ஆறியபின் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றி, கிராங்க் சுழலாதபடி நிறுத்திய பிறகே போல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும். இறுக்கமாகப் பொருந்திய டேம்பரைப் புல்லர் கொண்டு, வெளி வளையத்தைப் பற்றாமல் நடுக்குடத்தைப் பற்றியே இழுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் உறை நசுங்கி, புதியதும் பயனற்றுப்போகும். முன்புற ஆயில் சீலில் கசிவு இருந்தால் அதையும் உடன் மாற்றி, போல்ட்டுகளைக் கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்.

எஞ்சினுக்கு எஞ்சின் டேம்பரின் எடையும் அமைப்பும் வேறுபடும் என்பதால், பெங்களூரு ஜே.சி. சாலையில் உதிரிபாகம் வாங்குவோர் புல்லியின் அளவு பொருந்துவதை மட்டும் பார்க்காமல், எஞ்சின் எண்ணைக் காட்டியே கேட்க வேண்டும். முறிந்த கிராங்க்கை மாற்ற எஞ்சின் முழுவதையும் பிரிக்க நேரிடும். டேம்பரை மாற்ற எஞ்சினின் முன்பக்கத்தில் மட்டும் வேலை செய்தாலே போதும். ஆகவே பெல்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டேம்பரையும் பார்த்துவிடும் வழக்கத்தை லாரி உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் கைக்கொள்ள வேண்டும்.