குக்கர் தெரிந்தால் ஏசி தெரியும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ஏசி மெக்கானிக்கின் போன் ஓயாது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே புகார்தான்: "ஓடுது, ஆனா கூலிங் இல்ல." மெக்கானிக் வருவதற்குள் வீட்டாரே காரணத்தையும் முடிவு செய்திருப்பார்கள்: "கேஸ் தீர்ந்துபோச்சு போல."

உண்மையில், சந்தேகப்பட வேண்டியவற்றின் வரிசையில் கேஸுக்குக் கடைசி இடம். ரிமோட்டில் தவறி அழுந்திய பட்டன், தூசி அடைத்த வலை, அவுட்டோர் யூனிட் மேல் காயப்போட்ட போர்வை எல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால் பெட்டிக்குள் நடப்பது புரிய வேண்டும். அதற்கு இன்ஜினீயரிங் படிக்க வேண்டாம். பிரஷர் குக்கரில் இட்லியும் பருப்பும் வேகவைத்த அனுபவம் போதும்.

இட்லி வேகும் கணக்கு

குக்கரில் இட்லி வைக்கும்போது வெயிட்டைக் கழற்றிவிடுகிறோம். அடியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது; அடுப்பின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகி மேலே ஏறுகிறது. குளிர்ந்த மாவைத் தொட்டதும் ஆவி மறுபடி தண்ணீராகிறது. ஆகிற அந்த நொடியில், சுமந்து வந்த வெப்பத்தை மாவில் இறக்கிவிடுகிறது. இட்லித் துணியில் நிற்கும் ஈரம் இதற்குச் சாட்சி.

அந்தச் சுமை சாதாரணமானதல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் வேண்டும், அந்தக் கொதிநீர் முழுவதையும் ஆவியாக்க. ஆகவே வெப்பத்தை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் போட வேண்டுமென்றால், ஒரு திரவத்தை இங்கே கொதிக்கவிட்டு, அதன் ஆவியை அங்கே திரும்பத் திரவமாக்குவதுதான் நல்ல வழி.

பருப்புக்கு வெயிட் போடுகிறோம். அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100இல் கொதித்து நிற்காமல் 120 டிகிரி வரை சூடேறுகிறது. பிரஷர் இறங்குவதற்குள் அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் தண்ணீர் பீய்ச்சியடித்து மேடையெல்லாம் தெறிக்கும். அழுத்தம் சட்டென்று விழுந்ததும், 120 டிகிரியில் இருந்த தண்ணீர் குபுகுபுவென்று கொதித்து, அந்தக் கொதிப்பிலேயே தன் சூட்டை இழந்து 100க்கு இறங்குகிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். அழுத்தம் விழுந்தால் கொதிநிலை விழும், திரவமும் குளிரும். ஏசி முழுவதும் இவ்வளவுதான்.

அறையே அடுப்பு

இப்போது தண்ணீருக்குப் பதிலாக, ஏசியில் ஓடும் ஆர்-32 என்ற குளிர்பதனப் பொருளை வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் விட்டால் இது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்டோர் யூனிட்டின் காயிலுக்குள், சுமார் 5 முதல் 10 டிகிரியில் கொதிக்கும்படியான அழுத்தத்தில் இதை வைத்திருக்கிறார்கள். அதற்கு நம் 30 டிகிரி அறையே எரியும் அடுப்பு. மின்விசிறி அறைக் காற்றைக் காயில் மேல் தள்ள, உள்ளே திரவம் கொதிக்கிறது. காற்று வெப்பத்தை இழந்து சில்லென்று திரும்புகிறது.

கொதித்த ஆவி செப்புக் குழாய் வழியாக வெளியே உள்ள கம்ப்ரெசருக்குப் போகிறது. வெயிட் போடும் வேலை கம்ப்ரெசருடையது. அழுத்தத்தை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. அதனால் கொதிநிலை 45, 50 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. வெளியே 40 டிகிரி வெயில் கொளுத்தினாலும், அந்த ஆவிக்கு அது குளிர்ந்த இட்லி மாவுதான். அவுட்டோர் காயிலில் வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகிய வழி: கேப்பிலரி குழாய் அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வ். அங்கே வெயிட்டைத் தூக்கியது போல அழுத்தம் விழ, திரவம் குளிர்ந்து மறுபடி இன்டோருக்கு வருகிறது.

ஆக, ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து போடுகிறது. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் மின்சாரம்தான் எடுத்துக்கொள்கிறது.

இப்படி வெப்பத்தைச் சுமக்கும் இயந்திரங்களுக்குப் பொதுப்பெயர் ஹீட் பம்ப். நார்வேயிலும் கனடாவிலும் தமிழர்கள் வீட்டுக் குளிருக்குப் பயன்படுத்துவதும், நம் ஊர்க் கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று விற்பதும் இதுவே. அவற்றில் கூடுதலாக ஒரு ரிவர்சிங் வால்வ் இருக்கும். அது திரும்பினால் ஓட்டத்தின் திசை மாறி, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரும்.

முதலில் ரிமோட்

ரிமோட் திரையில் பனி நட்சத்திரம் தெரிகிறதா? அதுதான் கூல். நீர்த்துளி இருந்தால் டிரை. அதில் கம்ப்ரெசர் விட்டுவிட்டு ஓடும். விசிறிப் படம் மட்டும் இருந்தால் கம்ப்ரெசர் ஓடவே ஓடாது. ஹீட் பம்ப் மாடலில் சூரியன் தெரிந்தால், ஏசி அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. நட்சத்திரம் இருந்தும் நெடுநேரம் வெப்பக் காற்றே அடித்தால் ரிவர்சிங் வால்வ் சிக்கியிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. "விடியக்காலையில வியர்க்குது" என்பவர்கள் ஸ்லீப் பட்டனைப் பார்க்கவும். பல மாடல்களில் இரவு ஏற ஏற அது வெப்பநிலையைத் தானாகக் கூட்டிவிடும்.

16இல் வைத்தால் அறை மளமளவென்று குளிரும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடலாம். அந்த எண், ஏசி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது. 24க்கு வரும்வரை ஏறத்தாழ அதே வேகம்தான். 16 வராததால் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகளின் தொடக்க அளவு 24 டிகிரி என்று மத்திய அரசு விதித்ததும் இதனால்தான்.

ரீசெட் என்ன செய்யும்?

மின்தடை, லோ வோல்டேஜ், மின்னல் ஆகியவற்றுக்குப் பின் ஏசியின் பிசிபி போர்டு குழம்பி நிற்பதுண்டு. ரீசெட் தீர்ப்பது இந்தக் குழப்பத்தை மட்டுமே. செய்முறை இது:

1. டிஸ்ப்ளேயில் எழுத்தும் எண்ணுமாக ஏதாவது பிழைக் குறியீடு தெரிந்தால், அல்லது விளக்கு கண் சிமிட்டினால், முதலில் போனில் படம் எடுங்கள். அணைத்ததும் அந்தத் துப்பு அழிந்துவிடலாம்.
2. ரிமோட்டில் அணையுங்கள். பிறகு ஏசிக்கான சுவிட்ச் அல்லது எம்சிபியை அணையுங்கள்.
3. ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டர் போர்டில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும்.
4. மின்சாரம் கொடுத்து, கூல் மோடில் 24 வைத்து, மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள்.

இந்தக் கடைசி நிமிடங்களில்தான் பலர் பொறுமையிழந்து மறுபடி மறுபடி பட்டனைத் தட்டுகிறார்கள். ஏசி நின்ற உடனே குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். பிரஷர் இறங்காத குக்கரை நாம் திறப்போமா? கம்ப்ரெசரும் அந்த அழுத்தத்தை எதிர்த்து உடனே சுழன்றால் மோட்டார் திணறும். அதனால் போர்டே காத்திருக்கச் சொல்கிறது. ஸ்டெபிலைசரும் தன் பங்குக்குத் தாமதப்படுத்தும்.

அதே குறியீடு திரும்ப வந்தால் கோளாறு உண்மையானது. எம்சிபி மறுபடி விழுந்தால் மூன்றாம் முறை ஏற்றிப் பார்க்க வேண்டாம். எங்கோ ஷார்ட் ஆகிறது.

உள்ளே காற்று

இன்டோர் மூடியைத் தூக்கினால் இரண்டு மெல்லிய வலைகள் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியாமல் சாம்பல் நிறக் கம்பளம் போல் தூசி படிந்திருந்தால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைக் காட்டினால் தூசி தோலாக உரிந்து விழும். நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

வலை அடைத்தால் நடப்பது இது: காற்று குறைகிறது, அதாவது அடுப்பு தணிகிறது. காயிலுக்குள் திரவம் கொதிக்கப் போதிய வெப்பம் இல்லை. காயில் 0 டிகிரிக்குக் கீழே போய், காற்றின் ஈரம் அதன்மேல் ஐஸாகப் பிடிக்கிறது. ஐஸ் மிச்சக் காற்றையும் தடுக்க, இன்னும் ஐஸ் சேர்கிறது. கடைசியில் பெட்டி நிறைய ஐஸ் இருக்க, அறையில் மட்டும் குளிர்ச்சி இருக்காது. கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ அதைச் சுரண்டினால் காயிலில் ஓட்டை விழும். ஃபேன் மோடில் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டால் தானே உருகிவிடும்.

வெளியே காற்று

ஆவி திரவமாக வேண்டுமானால், வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அவுட்டோரைச் சுற்றிக் காற்று தேங்கினால் தன் சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும். அடுக்ககங்களில் இதுதான் பெரிய சிக்கல். குறுகிய ஷாஃப்டுக்குள் மேலும் கீழுமாக ஐந்தாறு அவுட்டோர், பால்கனியில் மாட்டி முன்னால் அலமாரி, பின்பக்கம் புறாக்கூடு. முன்னால் காற்று தடையின்றி வெளியேறவும், பின்னால் கைப்பிடி அளவாவது இடைவெளி இருக்கவும் பாருங்கள். மேலே நிழல் நல்லது, மூடி போர்த்துவது கெடுதல்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு, பின்பக்கத் தகடுகளில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். பீய்ச்சியடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்றுவழி அடைபடும். கடலோரத்தில் உப்புக் காற்று இந்தத் தகடுகளை அரித்து உதிர்க்கும் என்பதால் அங்கே அடிக்கடி கழுவுவது நல்லது.

அவுட்டோர் விசிறி சுற்றாமல் 'உம்' என்று முனகினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். விலை மலிவான பொருள்தான்; ஆனாலும் நீங்களே கழற்ற வேண்டாம். கரண்டை அணைத்த பிறகும் அதில் ஷாக் அடிக்கும்.

தெர்மாமீட்டர் சொல்லும் தீர்ப்பு

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு சோதனை. கதவு ஜன்னலைச் சாத்தி, கூல் மோடில், விசிறியை அதிகமாக வைத்து, எண்ணை முழுவதும் குறைத்துக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். இன்டோரின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றையும், கீழ்ப்பக்கம் வெளியே வரும் காற்றையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் பொதுவாக 8 முதல் 12 டிகிரி இருக்க வேண்டும்.

மதுரை போன்ற வறண்ட ஊரில் வித்தியாசம் கூடுதலாகவும், சென்னையில் குறைவாகவும் இருப்பது இயல்பு. காற்றின் ஈரம் காயிலைத் தொட்டுத் தண்ணீராகும்போது, இட்லி மாவில் நடந்தது போலவே, தன் வெப்பத்தைக் காயிலில் இறக்குகிறது. ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். டிரெய்ன் பைப்பில் தண்ணீர் நன்றாகச் சொட்டுவது ஏசி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் குற்றவாளி ஏசி அல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகல் முழுக்க வெந்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கீழே விடும். மேற்கு ஜன்னல் வெயில், கதவடி இடைவெளி எல்லாம் இதில் சேரும். ஒரு டன் என்பது சுமார் 907 கிலோ ஐஸை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை வெளியேற்றும் திறன். அறைக்குள் அதைவிட அதிகமாக வெப்பம் வந்துகொண்டிருந்தால் எந்த சர்வீஸும் பலிக்காது. திரைச்சீலையும் மாடியில் வெள்ளைப் பூச்சும் பலிக்கலாம்.

கடைசியில் கேஸ்

வலை சுத்தம், அவுட்டோர் சுத்தம், விசிறிகளும் கம்ப்ரெசரும் ஓடுகின்றன, வித்தியாசம் மட்டும் நான்கைந்து டிகிரிதான் என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். அவுட்டோரில் சேரும் இரண்டு செப்புக் குழாய்களில் மெல்லியதன் இணைப்பில் வெண்பனி பூத்திருப்பதும், நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதும் இதற்குத் துணைச் சாட்சிகள். கேஸோடு கம்ப்ரெசர் எண்ணெயும் சேர்ந்து கசியும்.

ஏசி கேஸ் எரிந்து தீரும் பொருளல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. கேஸ்கட் தேய்ந்த குக்கரில் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் பருப்பு வேகாது. வருடா வருடம் "கேஸ் டாப்-அப்" செய்வதும் அப்படித்தான்.

எனவே மெக்கானிக்கிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஓட்டை எங்கே? நைட்ரஜன் ஏற்றிச் சோதித்தீர்களா? வேக்கம் பம்ப் போட்டுக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தீர்களா? பெயர்ப்பலகையில் எழுதிய எடைக்குத் தராசு வைத்துத்தான் கேஸ் நிரப்பினீர்களா? ஆர்-32 லேசாகவும், சில மாடல்களில் உள்ள ஆர்-290 எளிதாகவும் தீப்பற்றக்கூடியவை என்பதால், கேஸ் வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். நான்கு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். ஓட்டையைத் தேடாமலே சிலிண்டரை மாட்டுபவர், அடுத்த கோடைக்கும் இப்போதே பில் போடுகிறார்.