டார்ச் லைட்டுக்கு விலாசம் எதுக்கு?

தீபாவளிக்கு பட்டாசு வெடிப்பீர்கள் தானே குட்டீஸ்? சிவகாசியை ஒட்டி, பட்டாசுத் தொழிலுக்குப் பெயர் போன ஊர் விஸ்வநத்தம். அங்கே நின்று மொபைல் போனில், 'மேப்' திறந்து பாருங்கள். விஸ்வநத்தம் மேலேயே ஒரு நீலப் புள்ளி மின்னும். நாம் நிற்கும் இடம், போனுக்கு எப்படித் தெரிந்தது?

இதைப் புரிந்து கொள்ள, ஒரு பேன்சி வெடி போதும். இரவில், தூரத்தில் அது வெடித்தால் முதலில் வெளிச்சம் தெரியும். பிறகு தான், 'டமார்' சத்தம் கேட்கும். இடையில் 3 வினாடி ஆனால், வெடித்த இடம் சுமார் 1 கி.மீ., தூரம். ஏனென்றால், ஒலி வினாடிக்கு 340 மீட்டர் அளவுக்குத் தான் போகும்.

போன் போடுவதும் இதே கணக்கு தான். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ., உயரத்தில் சுற்றியபடி, ரேடியோ அலையில் நேரத்தைச் சொல்லிக் கொண்டே இருக்கின்றன. அது வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, தூரத்தைக் கண்டுபிடிக்கிறது போன். நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால், இடம் தெரிந்து விடும். நம் இஸ்ரோவும் இதற்காக, 2013 முதல், 'நாவிக்' செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள்... நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. போனுக்குத் தான் தெரியும். ஆப் தயாரிப்பவர்கள் எந்தக் கணக்கும் போட வேண்டாம். போனைக் கேட்டால் போதும். அது சொல்லி விடும்!

இதனால் நன்மை உண்டு. தமிழக காவல் துறை, 2022ல் அறிமுகம் செய்த, 'காவல் உதவி' ஆப்பில், சிவப்பு பட்டனை அழுத்தினால், நாம் இருக்கும் இடம் போலீசாருக்குப் போய் விடும். ஆபத்தில் இருப்பவர் வழி சொல்லிக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால், எல்லா ஆப்பும் அப்படியா? அமெரிக்காவில், கோடிக்கணக்கானோர் வைத்திருந்த ஒரு டார்ச் லைட் ஆப், அவர்கள் இருக்கும் இடத்தை, சொல்லாமலே விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியது. 2013ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதற்காக நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் தர, விலாசம் எதற்கு?

அதனால் தான் இப்போது போன், 'இந்த ஆப்புக்கு உங்கள் இடத்தைச் சொல்லலாமா?' என்று நம்மிடம் கேட்கிறது. அவசரமாக விளையாட்டைத் திறக்கும் போது, படிக்காமலே, 'சரி' என்று அழுத்துபவர்கள் தான் அதிகம். தினமும் போகும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீடு எது, பள்ளி எது, எத்தனை மணிக்கு டியூஷன் என எல்லாம் தெரிந்து விடும். முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் கேட்டால், இதையெல்லாம் சொல்வீர்களா?

எனவே, போன் கேட்கும் போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்... 'இந்த வேலைக்கு என் இடம் தேவையா?'

* வழி காட்டும் மேப்புக்குத் தேவை. 'பயன்படுத்தும் போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

* மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு, ஊர் தெரிந்தால் போதும், தெரு வேண்டாம். 'தோராயமான இடம்' போதும்.

* விளையாட்டு, டார்ச் லைட், கால்குலேட்டர் கேட்டால், 'அனுமதி இல்லை!'

சந்தேகமாக இருந்தால், அப்பா, அம்மாவிடம் காட்டி விட்டு அழுத்துங்கள். இன்றே, வீட்டில் உள்ள போனில், 'செட்டிங்ஸ்' போய், எந்தெந்த ஆப் உங்கள் இடத்தைப் பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்களே ஆச்சரியப்படுவர்!