வாடகைக் கிடங்குகளில் வெறும் மரத்தட்டுகள்

தானியக் கிடங்குகளில் மூட்டைகள் நேரே தரைமீது அடுக்கப்படுவதில்லை. தரையின் ஈரம் சாக்கினுள் ஏறாதிருக்கும்பொருட்டு, சட்டங்களை இணைத்துச் செய்த மரத்தட்டுகள் அடியில் இடப்படுகின்றன. சரக்கு வெளியேறியபின் இத்தட்டுகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டு மறக்கப்படுகின்றன. ஆயினும், தீயைப் பொறுத்தமட்டில், சுமையேற்றிய தட்டைவிட வெறுந்தட்டே பெரிதும் அஞ்சத்தக்கது.

இதன் காரணத்தை அடுப்பிலேயே காணலாம். ஒற்றை விறகு நெடுநேரம் நின்று எரிவதில்லை. இடைவெளிவிட்டுச் சேர்த்த மூன்று விறகுகள் கொழுந்துவிட்டு எரிகின்றன. ஒன்றின் வெப்பம் மற்றொன்றைத் தாக்க, இடுக்குகளின் வழியே காற்று மேலேறுகிறது. அடுக்கிவைத்த வெறுந்தட்டுகளின் அமைப்பும் இதுவே. போதாக்குறைக்கு, உலர்ந்து சிலும்பிய சட்ட ஓரங்கள் எளிதில் தீப்பற்றுகின்றன. மேலிருந்து ஊற்றும் நீரை மேற்பலகைகள் தடுத்துவிடுவதால், அடியிலுள்ள தீ அணையாது. வகுப்பில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியருக்கு விறகடுப்பு உதாரணமே போதும். தீ மூட்டிக் காட்ட வேண்டுவதில்லை.

ஆகவே, கட்டடத்திற்கு வெளியே வைப்பதே சிறந்தது. மழையில் மரம் கெடுமே என்பர். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவாக இருப்பின் அதனை உளுக்கச் செய்யும் காளான் வளர்வதில்லை. செங்கல்மீது உயர்த்தி, மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் விட்டால் பெரும்பாலும் போதுமானது. சில தட்டுகள் கெட்டாலும், கிடங்கே எரிவதைவிட அந்நட்டம் சிறிது.

வாடகை இடங்களில் தொல்லை இங்கேதான் எழுகிறது. முற்றம் குறுகலாயிருக்கும், அல்லது அது குடிக்கூலி ஒப்பந்தத்தில் சேராதிருக்கும். உடனே தட்டுகள் இறவாணத்தின் அடியில் சுவரோடு சாய்த்து வைக்கப்படுகின்றன. இதனினும் தீய இடமில்லை. தீச்சுடர் கூரையின் இடுக்கு வழியே உள்ளே புகும். சாய்த்த தட்டு சரிந்து ஆளைக் காயப்படுத்துதலும் உண்டு. எனவே ஒப்பந்தம் எழுதும்போதே வெறுந்தட்டுகளுக்குரிய திறந்த இடத்தைக் குறித்துப் பெறுதல் நன்று. வேறு வழியின்றி உள்ளே வைப்பின், தட்டுகளைப் படுக்கையாக அடுக்கி, உயரம் 6 அடிக்கு மிகாமலும், நான்கு அடுக்குகளுக்கு மேல் ஒருங்கே சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்பலகையின் அருகும் வாயிற்படியும் இதற்கு உரிய இடங்கள் அல்ல. ஒரே கூரையின்கீழ் வேறு குடிக்கூலியாளர் இருப்பின், அவருடைய பக்கத்துச் சுவரையும் தவிர்த்தல் வேண்டும்.

பூச்சிகளைக் குறித்தும் ஒரு சொல். காப்ரா வண்டின் புழு மர இடுக்கில் ஒளிந்து, உணவின்றியே பல மாதங்கள் உயிர்வாழ வல்லது. பெருக்கித் துடைத்த கிடங்கிலும் புதுத் தானியத்திற்கு இத்தட்டுகளின் வழியே பூச்சி திரும்ப வருகிறது. ஆதலின் தட்டுகளை இடுக்குவரை துலக்கி, கிடங்கில் நச்சுவாயுப் புகையூட்டும்போது அவற்றையும் உறைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பணி பயிற்சி பெற்றோர்க்கே உரியது. ஏற்றுமதித் தட்டுகளில் காணும் முத்திரை, மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கப்பட்டமையையோ அதற்கீடான பிற சிகிச்சையையோ குறிப்பதேயன்றி, பின்னர்ப் பூச்சி ஏறாது என்பதற்கு உறுதியன்று. உடைந்தவற்றையும் ஆணி நீட்டியவற்றையும் அன்றன்றே பிரித்து அகற்றுதல் வேண்டும். குவியல் வளர்வது பெரும்பாலும் அவற்றால்தான்.